கச்சேரி வாசலில் அப்பு

மயிலிட்டி
29.1.61

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் தந்தி கிடைத்தது. தந்திக்காரன் வேலியில் சைக்கிளைச் சாத்தியதைக் கண்டதுமே அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா. யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தாவாம். "அண்ணை சிவில் சேவைச் சோதினை பாஸ். இனி நேர்முகந்தான்" என்று நான் வாசித்துச் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டா.

அப்பு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நேர்முகமெண்டா என்ன பிள்ளை?"

"பெரிய துரைமார் வரிசையா இருந்து கேள்வி கேப்பினம், அப்பு. உலகத்திலை நடக்கிறது எல்லாம் கேப்பினம்."

"உலகத்திலை நடக்கிறதெல்லாம் ஆருக்குத் தெரியும்?" என்றார். பிறகு, "கடலைப் பற்றிக் கேட்டா நல்லாச் சொல்லுவான்" என்றார்.

கடலைப் பற்றிக் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வயதெல்லையும் இந்த வருடத்தோடு முடிகிறது. ஆகவே நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். எங்கள் வாசிகசாலைக்கு வருகிற இங்கிலீஷ் பேப்பரை இங்கே ஒருவரும் தொடுவதில்லை. மறுநாள் மடிப்புக் கலையாமல் என்னிடம் வருகிறது. கிழமைக்கொரு கடிதத்தில் கேள்வி அனுப்புவேன். ஒளித்துப் பார்க்காமல் பதில் எழுத வேண்டும். கொங்கோ என்ற பெயரில் எத்தனை நாடு? மேல் வோல்ட்டாவின் தலைநகரை எப்படி உச்சரிப்பது? அமெரிக்காவின் புதிய ஜனாதிபதி பதவியேற்ற அன்று என்ன சொன்னார்?

எஸ்.எஸ்.சி.யோடு நிறுத்தப்பட்டவள் பட்டதாரிக்குக் கேள்வி கேட்பதா என்று நினைக்காதீர்கள். பதில் சொல்லத்தான் பட்டம் வேண்டும்.

உங்கள் தங்கை
மலர்

வெள்ளவத்தை
5.2.61

அன்பான மலருக்கு,

கொங்கோ இரண்டு. வாகடூகு. மூன்றாவது கேள்வி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குரியது. நேர்முகத்தில் தலைநகரம் கேட்கமாட்டார்கள். கருத்துக் கேட்பார்கள். ஆகவே தலையங்கங்களைச் சுருக்கி அனுப்பு. சுருக்கத்தில் உன் கருத்தைச் சேர்க்காதே.

எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடிகிறதில்லை. புத்தகத்தைத் திறந்தால் கடற்கரைக்குப் போக வேண்டும்போல் இருக்கும். கடற்கரைக்குப் போனால், ஐயோ நேரம் போகிறதே என்று திரும்பி ஓடி வருவேன். பின்னேரங்களில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரிடம் சிங்களம் படிக்கிறேன். தை மாதத்திலிருந்து அரசாங்கக் கந்தோர்களில் எல்லாம் சிங்களத்தில்தான். தெரியாவிட்டால் வேலை கிடைத்தும் நிலைக்காது.

என்னோடு நேர்முகத்துக்குப் போகிறவர்களில் ஒருவரின் தகப்பனார் நீதவான். இன்னொருவரின் தகப்பனார் டாக்குத்தர். "உம்முடைய தகப்பனார்?" என்று கேட்டால் அப்புவின் தொழிலை "கடற்றொழில்" என்று சொல்லிப் பழகுகிறேன். வெட்கமில்லை. சொல்லும்போது தொண்டை காய்கிறது, அவ்வளவுதான்.

கேள்விகளைத் தொடர்ந்து அனுப்பு. பள்ளிக்கூடக் கேள்வி என்றாலும் பரவாயில்லை.

தில்லைநாதன்

மயிலிட்டி
23.2.61

அன்புள்ள அண்ணைக்கு,

இந்த முறை கேள்வி இல்லை. சிங்களம் மட்டும் என்ற சட்டத்துக்கு எதிராகத் திங்கட்கிழமை தொடங்கி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலை, அரசாங்க அதிபரின் கந்தோரையே, மறித்துச் சனம் சத்தியாக்கிரகம் இருக்கிறது. பேப்பரில் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் பொலிஸ் ஆட்களைத் தூக்கித் தூக்கி ஓரத்தில் போட்டதாம். போட்ட ஆட்கள் எழும்பி வந்து பழைய இடத்திலேயே இருந்தார்களாம்.

நேற்றுப் பத்மாவதி ரீச்சர் "வாறியோ?" என்று கேட்டா. உண்மையாக உங்களுக்காகத்தான் போனேன். நடப்பு விவகாரத்தைக் கண்ணால் பார்த்து எழுதினால் உங்களுக்கு உதவுமல்லவா? பஸ் சுன்னாகச் சந்தையில் நின்று வெங்காயச் சாக்கு ஏற்றி, மருதனார்மடத்தில் நின்று ஆட்களை இறக்கி, போய்ச் சேர உச்சி வெயிலாகிவிட்டது.

பார்க்கப் போனவள் அவர்களோடு நிலத்தில் இருந்துவிட்டேன். எப்படி இருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நிற்கிறவர்கள் குறைவு, இருக்கிறவர்கள் கூட. நிற்கத்தான் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் குருநகர் லூர்த்தம்மா, மீன் விற்கிறவ. செபமாலையை உருட்டிக்கொண்டே என் கதை முழுக்கக் கேட்டா.

"உன்ரை அண்ணன் உந்தக் கச்சேரிக்குள்ளை வேலைக்கு வரவோ படிக்கிறான்?"

"ஓம்."

"அப்ப அவன் வாறத்துக்கிடையிலை இதை முடிச்சுக் குடுப்பம்."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்த வாசலால் நீங்கள் எப்படி உள்ளே போவீர்கள் என்று யோசித்தேன்.

நாளைக்கும் போகிறேன். இதில் என் கருத்து கொஞ்சம் கலந்திருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலர்

வெள்ளவத்தை
6.3.61

மலருக்கு,

இன்றைய பேப்பரில் உன் படம் வந்திருக்கிறது. இரண்டாவது வரிசையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருக்கிறாய். கீழே பெயர் இல்லை. ஆனால் முகம் வடிவாகத் தெரிகிறது. விடுதிச் சாப்பாட்டு மேசையில், எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்த ஒருவர் படத்தைக் காட்டி, "உம்முடைய தங்கச்சியைப்போல இருக்குது" என்றார். நான் இல்லை என்றேன். அந்தச் சோற்றை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

உனக்கு விளங்குகிறதா? நேர்முகம் சித்திரை 17ஆம் திகதி. அதற்கு முன்னும் பின்னும் ஊரில் விசாரிப்பார்கள். எந்தக் கச்சேரிக்குள் என்னை விடலாமா என்று அவர்கள் யோசிக்கிறார்களோ, அதே கச்சேரியின் வாசலை நீ மறித்துக்கொண்டு இருக்கிறாய். என் முழுப் படிப்பின் மேலும் நீ இருக்கிறாய்.

நேர்முகம் முடியுமட்டும் எழும்பு. நீ ஒருத்தி எழும்பினால் அங்கே ஒன்றும் குறையாது. நான் உள்ளே போய்விட்டால், வெளியில் இருக்கிற ஆயிரம் பேர் செய்ய முடியாததை மேசையில் இருந்து செய்வேன். இதை நான் எனக்காக மட்டும் கேட்கவில்லை.

சுருக்கங்களை அனுப்பு.

தில்லைநாதன்

மயிலிட்டி
15.3.61

அண்ணைக்கு,

எழும்பிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே. பத்மாவதி ரீச்சருக்குத் தலையிடி என்று சொன்னேன். எழும்பினது உங்களுக்காக. அது உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் சாப்பாட்டு மேசையில் சொன்னதும் எனக்குத் தெரிய வேண்டியதுதான், எழுதியதற்கு நன்றி.

ஆனால் கதை அதோடு முடியவில்லை.

நான் வீட்டில் நிற்பதை அப்பு இரண்டு மூன்று நாள் பார்த்தார். "ஏன் பிள்ளை போகேல்லை?" என்று கேட்டார். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மடித்து வைக்கச் சொன்னார். அடுத்த நாள் விடியக் கடலால் வந்தார். மீனைக் கொடுத்தார். குளித்து, கோயிலுக்குப் போகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை. பொழுதுபட்ட பிறகுதான் வந்தார்.

"எங்கை போனனீங்கள்?" என்று அம்மா கேட்டா.

"கச்சேரியடிக்கு. பிள்ளையின்ரை இடம் வெறுமையாக் கிடந்தது."

அம்மா குளறிப்போட்டா. "தம்பியின்ரை வேலை கெடப்போகுது! உங்களுக்கென்ன விசரோ?"

அப்பு காலைக் கழுவிவிட்டு வந்து ஆறுதலாகச் சொன்னார். வள்ளத்துப் பதிவு பற்றித் தை மாதம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது, உங்களுக்கு நான் எழுதவில்லை. முழுக்கச் சிங்களம். அதை மடியில் கட்டிக்கொண்டு காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வரை போய், அங்கே வேலை செய்கிற ஒரு சிங்கள ஆளிடம் கொடுத்துத்தான் வாசிப்பித்தார். அந்த ஆள் நல்ல மனிசன். தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினான்.

"தம்பி அந்தப் பாஷை படிக்கிறான்" என்று உங்களைச் சொன்னார் அப்பு. "இனி எங்கடை வீட்டுக்கு ஒரு கடதாசி வந்தா அவன் வாசிப்பான். தம்பி இல்லாத வீட்டுக்கு ஆர் வாசிக்கிறது?"

அம்மா அடுப்படிக்குப் போனா. அப்பு இப்போது கடலுக்குப் போகாத நாளெல்லாம் அங்கேதான் போகிறார். என்னை எழுப்ப ஒரு கடிதம் போதும். அவரை எழுப்ப வேண்டுமானால் நீங்கள்தான் வர வேண்டும்.

மலர்

வெள்ளவத்தை
24.3.61

மலர்,

நான் வரவில்லை. வந்தாலும் அவர் எழும்பமாட்டார். அப்புவுக்கு எழுதலாமென்று இருந்து, எழுதி எழுதிக் கிழித்தேன். என்ன எழுதினாலும் ஒரு கந்தோரிலிருந்து வந்த கடிதம்போல இருக்கிறது.

கச்சேரி விவகாரம் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு பதில் தயாரித்திருக்கிறேன். "இரு பக்கமும் நியாயங்கள் உண்டு, அரசாங்க உத்தியோகத்தர் எந்தப் பக்கமும் சாயாமல் சட்டப்படி நடக்க வேண்டும்." இங்கிலீஷில் இன்னும் வடிவாக இருக்கும். தெருவில் நடக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். பாண் துண்டு மேல்வாயில் ஒட்டினதுபோல இருக்கிறது.

உன்னை எழும்பச் சொன்னது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேறொன்றும் எழுத வரவில்லை.

தில்லைநாதன்

மயிலிட்டி
14.4.61

அன்புள்ள அண்ணைக்கு,

வருடப்பிறப்பு வாழ்த்துகள். இது உங்கள் நேர்முகத்துக்கு முதல் வந்து சேர வேண்டுமென்று காலையிலேயே தபாலில் போடுகிறேன்.

புதன்கிழமை ரஷ்யாக்காரன் ஒருவன் வானத்தில் ஏறிப் பூமியை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறான். பெயர் ககாரின். ரேடியோவில் கேட்ட உடனே அப்புவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் எத்தனை மைல், எவ்வளவு வேகம் என்று ஒன்றும் கேட்கவில்லை. "கரைக்கு வந்திட்டானோ?" என்றுதான் கேட்டார். வந்துவிட்டான் என்றதும் "அது போதும்" என்றார்.

சத்தியாக்கிரகக்காரர்கள் இன்றைக்குத் தாங்களே தபால் கந்தோர் திறந்து, தங்கள் முத்திரை விற்கப்போகிறார்களாம். வரிசையில் நின்று உங்களுக்கொரு முத்திரை வாங்கி அனுப்பப்போவதாக அப்பு சொன்னார். நான் மறித்துவிட்டேன். திங்கட்கிழமை முடியட்டும்.

தலையங்கச் சுருக்கம் நாலு பக்கம் உள்ளே இருக்கிறது. என் கருத்து ஒரு சொல்லும் இல்லை. கோட்டு இரவல் வாங்கினீர்களா? கை நீளம் சரியா? அம்மா நேர்த்தி வைத்திருக்கிறா. என்னவென்று சொல்லமாட்டாவாம்.

நடுங்காமல் போய் வாருங்கள்.

மலர்

வெள்ளவத்தை
17.4.61, பின்னேரம்

அன்பு மலருக்கு,

முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீயே யோசித்துக்கொள்.

நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். முதலில் பேராதனையில் என்ன படித்தேன் என்று கேட்டார்கள். கொங்கோவில் ஐக்கிய நாடுகள் சபைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நன்றாகச் சொன்னேன். ககாரினைப் பற்றியும் வந்தது. உன் கடிதம் காலையில்தான் கைக்கு வந்தது. சொல்லும்போது எனக்கே சிரிப்பு முட்டியது. தகப்பனாரின் தொழில் கேட்டார்கள். தொண்டை காயவில்லை.

பிறகு ஓரத்தில் இருந்த நரைத்த தலைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் நடப்பதைப் பற்றி என்ன நினைக்கிறீர்?" என்றார். நான் பாடமாக்கியதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அங்கே இருக்கிறவர்கள் யாரையாவது உமக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மலர். சத்தியமாக. வாயில் வந்தது வேறு.

"என் தகப்பனார் இருக்கிறார், சேர்" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்தினார். நரைத்த தலைக்காரர் முன்னால் சரிந்து, கோபமில்லாமல், கதை கேட்கிறவர்போலக் கேட்டார். "நல்லது. நீர்தான் அரசாங்க அதிபர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கந்தோருக்கு வருகிறீர். வாசலில் உமது தகப்பனார் இருக்கிறார். என்ன செய்வீர்?"

சட்டம் தெரியும். விதி தெரியும். இரு பக்க நியாயமும் தெரியும். அப்புவின் முகந்தான் முன்னுக்கு வந்து நின்றது.

"எனக்குத் தெரியாது, சேர்" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நேர்மையான பதில். ஆனால் அந்தப் பதிலை வைத்து ஒரு கச்சேரியை நடத்த முடியாது" என்றார். போகலாம் என்றார்கள்.

காலிமுகத்திடலில் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். சொல்லியிருக்கக்கூடிய பதில் ஒவ்வொன்றாக வருகிறது. ஒன்றும் சரியில்லை. நீ என்ன சொல்லியிருப்பாய்? அப்புவிடமும் கேட்டு எழுது. எனக்கு நித்திரை வரப்போவதில்லை.

தில்லைநாதன்

மயிலிட்டி
7.5.61

அன்புள்ள அண்ணைக்கு,

ஊரடங்குச் சட்டம், அவசரகாலச் சட்டம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. உங்களிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. நேர்முகம் எப்படிப் போனதென்றும் தெரியாது. இப்போது கடிதங்களை வழியில் பிரித்து வாசிக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். வாசிக்கிறவருக்கும் எங்கள் வணக்கம்.

எல்லாரும் சுகம். அப்புவுக்கு மட்டும் வலது கை முறிந்துவிட்டது. வள்ளத்தில் விழுந்துவிட்டார். பரியாரியார் பத்துப் போட்டுக் கட்டியிருக்கிறார். வள்ளத்தில்தான் விழுந்தார்.

நேர்முகத்துக்குப் போனவர்கள் எல்லாரையும் பற்றி விசாரிக்கிறார்கள் என்று, கிராமத் தலைமைக்காரர் என்ற முறையில் நாகலிங்க விதானையார் வீட்டுக்கு வந்தார். அப்பு வள்ளத்தில் விழுந்ததையும், தான் கச்சேரிப் பக்கமே ஒரு நாளும் போனதில்லை என்பதையும் அவருக்குச் சொன்னார். விதானையார் எழுதிக்கொண்டு போனார். நீங்களும் அப்படியே அறிந்துகொள்ளுங்கள்.

மலர்

வெள்ளவத்தை
11.5.61

மலர்,

இதை இங்கே வேலை செய்கிற எங்கள் ஊர்ச் சிமியோன் அண்ணை கையில் தந்து விடுகிறேன். காங்கேசன்துறைக்கு ரயிலில் வருகிறார், ஒருவரும் பிரிக்கமாட்டார்கள். ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சித்திரை 17ஆம் திகதி நான் எழுதிய கடிதம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது. நேர்முகத்தில் அவர்கள் கேட்டார்கள். அப்பு வாசலில் இருக்கிறார் என்று நான் சொல்லிவிட்டேன். ஐந்து பேருக்கு முன்னால், என் வாயால்.

இப்போது அவர்களின் மேசையில் இரண்டு கதை. மகன் இருந்தார் என்கிறான். தகப்பன் இருக்கவில்லை என்கிறார். இரண்டில் ஒருவர் பொய்யர். கூப்பிட்டு விளக்கம் கேட்கத்தான் போகிறார்கள். நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பயத்தில் உளறிவிட்டேன், அப்பு அங்கே போனதே இல்லை என்று சொல்லப்போகிறேன். உளறுகிறவனுக்கு வேலை கிடைக்காமல் போகலாம். ஆனால் விதானையாரிடம் பொய் சொன்னதற்காக இந்த நேரத்தில் அப்புவைக் கொண்டுபோய் உள்ளே போட்டால் நான் என்ன செய்வேன்?

அப்புவுக்கு இதை வாசிக்காதே. கை உண்மையில் எப்படி முறிந்தது?

தில்லைநாதன்

மயிலிட்டி
20.5.61

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. தபாலில் போட்டது காலையில். சிமியோன் அண்ணை கொண்டுவந்தது பின்னேரம். இதையும் அவர் கையிலேயே தருகிறேன்.

வாசிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டேன். முதலில் ஒரு முறை சொல்லுக்கேட்டு எழும்பினேன், அது போதும்.

கை முறிந்தது உங்கள் நேர்முகத்துக்கு அடுத்த நாள், சித்திரை 18ஆம் திகதி விடிய முதல். முதல் நாளிரவு அப்பு அங்கேயே தங்கியிருந்தார். சிப்பாய்கள் வந்து கலைத்தபோது சனம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஓடியது. அப்பு நெரிசலில் விழுந்தார். லூர்த்தம்மாவின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்க் குருநகரில் வைத்திருந்தார்கள். ஊரடங்கு தளர்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அம்மா சாப்பிடவில்லை.

நேர்முகக் கடிதத்தை வாசிக்கும்போது அப்பு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "என் தகப்பனார் இருக்கிறார், சேர்" என்ற இடத்தில் கையைக் காட்டி மறித்தார்.

"அதைத் திருப்பி வாசி."

வாசித்தேன்.

"இங்கிலீசிலையோ சொன்னவன்?"

"ஓம், அப்பு."

பிறகு அந்த நரைத்த தலைக்காரரின் கேள்வி வந்தது. நீங்கள் சொல்லாமல் விட்ட பதிலை அப்புவிடம் கேட்டேன். அதிகம் யோசிக்கவில்லை.

"தம்பி ஒண்டும் செய்யத் தேவையில்லை. அவன் வந்தா நான் எழும்பி வழி விடுவன். என்னைத் தாண்டி உள்ளை போக அவனுக்கு மனம் வந்தாப் போகட்டும். வராட்டிப் பக்கத்திலை இருக்கட்டும். அது அவன்ரை பாடு."

அதன்பிறகு சிமியோன் அண்ணை கொண்டுவந்ததை வாசித்தேன். நீங்கள் உளறினதாகச் சொல்லப்போகிறீர்கள் என்றதும் அப்பு எழும்பிவிட்டார். கட்டுப் போட்ட கைக்கு மேலால் சால்வையைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தார். அம்மா முன்னால் போய் நின்று பார்த்தா. நான் பின்னால் ஓடினேன்.

விதானையார் சாய்மனைக் கதிரையில் இருந்து சுருட்டுப் பத்திக்கொண்டிருந்தார்.

"விதானையார், நான் முந்திச் சொன்னது பொய். நான் கச்சேரி வாசலிலை இருந்தனான். கை முறிஞ்சதும் அங்கைதான்."

விதானையார் சுருட்டை எடுத்துவிட்டார். "முத்துக்குமாரு, உனக்கு மூளை பிசகிப்போச்சோ? நீ வள்ளத்திலை விழுந்தனி எண்டு எழுதி அனுப்பிப்போட்டன். இனி நீ வள்ளத்திலைதான் விழுந்தனி. போய்ப் படு."

"திருப்பி எழுதுங்கோ."

"உன்ரை மோனின்ரை உத்தியோகமடா! விளங்குதோ?"

"விளங்குது. அத்தினை துரைமாருக்கு முன்னாலை, தன்ரை தேப்பன் வாசலிலை இருக்கிறான் எண்டு சொன்னவன். அவனைப் பொய்யனாக்கி எடுக்கிற உத்தியோகம் எங்களுக்கு வேண்டாம். எழுதுங்கோ. பிடிக்கிறதெண்டா வந்து பிடிக்கட்டும்."

விதானையார் என்னைப் பார்த்தார், நான் மறிப்பேன் என்று. நான் மறிக்கவில்லை, அண்ணை. உங்கள் வேலைக்காகக் கேள்வி கேட்டு, சுருக்கம் எழுதி, வாசலிலிருந்து எழும்பினவள் நான். மறித்திருக்கலாம். விதானையார் முணுமுணுத்துக்கொண்டு எழுதினார். அப்பு இடது கைப் பெருவிரலை அழுத்தினார்.

வீட்டு வேலியடியில் அப்பு நின்று, "கையைப்போல தம்பியின்ரை காரியமும் பொருந்துமோ பிள்ளை?" என்று கேட்டார். நான் படலையைத் திறந்துவிட்டேன்.

மலர்

வெள்ளவத்தை
28.6.61

அன்பு மலருக்கு,

பெயர்ப்பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இல்லை.

போன மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். உன் கடிதம் சிமியோன் அண்ணையிடமிருந்து கிடைத்தது அந்தக் காலையில்தான், பஸ்ஸிலேயே வாசித்தேன். உளறிவிட்டேன் என்று சொல்லப் பாடமாக்கி வைத்திருந்ததெல்லாம் வழியிலேயே போய்விட்டது. அந்த அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். "உம்முடைய தகப்பனார் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறாரே" என்றார். "முதலாவது எனக்காகச் சொன்னது, இரண்டாவதும் எனக்காகச் சொன்னது. இரண்டாவதுதான் உண்மை" என்றேன். அவர் சிரித்தமாதிரி இருந்தது. அப்புவைத் தொடமாட்டார்கள் என்று மட்டும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். "கை முறிந்த மீன்பிடிக்காரனை வைத்து நாங்கள் என்ன செய்ய?" என்றார்.

ஏன் எடுக்கவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் பதிலாக இருக்கலாம். அந்தத் தாள்களாக இருக்கலாம். என்னைவிட மற்றவர்கள் கெட்டிக்காரராகவும் இருக்கலாம். அவர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும், கெட்டிக்காரர்தான். இதை முடிவில்லாமல் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நடந்தால் இது, படுத்தால் இது. கோபம் வருகிறது, யாரில் என்று தெரியவில்லை. ஒரு நாள் உன்னில். ஒரு நாள் அந்தச் சிங்களப் பாடப் புத்தகத்தில். ஒரு நாள் அப்புவிலும்.

மன்னாரில் ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. ஆவணியில் சேர வேண்டும். அதற்கு முதல், ஆடி நடுப்பகுதியில் யாழ்தேவி ரயிலில் வருகிறேன். அப்புவுக்கு நீ சொல்லாதே. நான் நேரில் சொல்ல வேண்டும். தன்னால்தான் போனது என்று நினைத்துவிடுவார். நினைக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தில்லைநாதன்

மயிலிட்டி
26.7.61

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் வெளிக்கிட்டுப் போய் மூன்று நாளாகிறது. வீடு இன்னும் வழமைக்கு வரவில்லை. வேலை கிடைக்கவில்லை என்று நீங்கள் சொன்னபோது அப்பு "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மீன் குழம்பை உங்கள் பக்கம் தள்ளினாரே, அதற்கு மேல் ஏதாவது கதைப்பார் என்று நானும் காத்துக்கொண்டிருந்தேன். ரயிலடியிலும் உங்கள் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் யன்னலால் கை காட்டினதை அவர் கண்டாரோ தெரியாது.

கை முறிந்த பிறகு நேற்று முதன்முதலாகக் கடலுக்குப் போனார். பரியாரியார் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னவர், கேட்கவில்லை. விடியக் கரைக்கு வந்தபோது நானும் மீன் எடுக்கப் போயிருந்தேன். தம்பிஐயா அண்ணையும் நாலைந்து பேரும் வள்ளத்தை இழுத்துவிட்டார்கள். இழுத்து முடிய, தம்பிஐயா அண்ணை கேட்டார்:

"என்ன முத்துக்குமாரண்ணை, உங்கடை பொடியனுக்கு அந்தப் பெரிய உத்தியோகம் கிடைக்கேல்லையாம்?"

அப்பு கயிற்றைச் சுற்றிக்கொண்டே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்.

"ஆர் சொன்னது? கூப்பிட்டவங்கள். வா வா எண்டு நிண்டவங்கள். பொடியன்தான் மாட்டனெண்டிட்டான். தனக்குப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதுதான் விருப்பமாம். நாங்கள் என்ன செய்யிறது?"

எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அப்பு ஒரு பெரிய பாரை மீனை என் கடகத்தில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பாராமல் நடந்தார்.

மத்தியானத்துக்குள் மயிலிட்டி முழுக்கக் கதை பரவிவிட்டது. பத்மாவதி ரீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ரை அண்ணன் மனிசன்" என்று சொல்லிவிட்டுப் போனா. எனக்கு ஓமென்பதா இல்லையென்பதா என்று தெரியவில்லை.

இந்தக் குடும்பத்தில் பொய்யைத் தாங்கமாட்டாதவர் நீங்கள்தான். ஊருக்கு உண்மையைச் சொல்லவா, விடவா? எழுதுங்கள்.

இன்னொன்று. ஆசிரிய கலாசாலைப் பரீட்சைக்கு நான் விண்ணப்பித்துவிட்டேன். பொது அறிவுத் தாள் இருக்கிறதாம். இந்த முறை கேள்வி அனுப்புவது நீங்கள்.

மலர்

மன்னார்
2.8.61

அன்பு மலருக்கு,

விடு. ஊரில் யார் என்னைக் கேட்டாலும் நானும் அப்படியே சொல்கிறேன். வா வா என்று நின்றார்கள், நான்தான் மாட்டேன் என்றுவிட்டேன். உன் கடிதத்தை வாசித்து இரண்டு நாளாயிற்று. அந்த இடம் வரும்போதெல்லாம் தனியே இருந்து சிரிக்கிறேன். சிரித்து முடிய அழுகை வருகிறது. நேற்றிரவுதான் விடியும்வரை ஒரே நித்திரை கொண்டேன்.

கேள்விகள் தனித் தாளில் இருக்கின்றன. ஒளித்துப் பார்க்காதே. உன் கருத்தையும் எழுது.

அப்புவிடம் ஒன்று மட்டும் சொல். கடற்கரையில் யாருக்கு என்ன சொன்னாலும் பரவாயில்லை. நாகலிங்க விதானையாரின் காதில் இது விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல். பாவம், அந்த மனிசன் மூன்றாவது தரமும் எழுத வேண்டிவரும்.

உன் அண்ணை
தில்லைநாதன்